பனி உருகும் பருவத்தில் சின்ன ஓடை: மூணு தடவையும் வெறுங்கை

புதுத்தூண்டில்:

எல்லாருக்கும் வணக்கம். ஃபிளை ஃபிஷிங்ல, அதாவது கொக்கியில இறகு, முடி கட்டிப் பூச்சி மாதிரி செஞ்ச ஃபிளையைப் போட்டு மீன் பிடிக்கிறதுல, எனக்கு இது ரெண்டாவது வருஷம். போன கோடையில ஒரு சின்ன ஓடையிலதான் பழகினேன். அகலம் மிஞ்சிப்போனா மூணு மீட்டர், சில இடத்துல ஒரே எட்டுல தாண்டிடலாம். பதினாலாம் நம்பர் எல்க் ஹேர் கேடிஸை (தண்ணி மேல மிதக்கிற ஃபிளை; நம்பர் கூடக் கூடக் கொக்கி சின்னது) எங்க போட்டாலும் கையகல டிரவுட் மீன் ஒண்ணு பாஞ்சு வரும். நமக்கு வித்தை கைவந்துடுச்சுன்னு நினைச்சுட்டேன்.

இப்போ கரையில இன்னும் திட்டுத் திட்டா பனி கிடக்கு. அதே ஓடைக்கு மூணு தடவை போயிட்டேன். ஒரு மீன் கூட இல்லை.

முதல் தடவை காலை ஏழு மணிக்கே போய் நின்னேன். ராடு வளையத்துல எல்லாம் ஐஸ் கட்டி லைன் நகரவே இல்லை. வளையத்தை வாயில வெச்சு ஊதி ஊதி உதடு வெடிச்சதுதான் மிச்சம். ரெண்டாவது தடவை மேகமூட்டம், பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை. கரைப்பனி மேல கருப்பா, மெலிசா, அரை அங்குலம் கூட இல்லாத பூச்சிங்க நடந்து போச்சு. மீன் ஒண்ணும் மேல வரலை. மூணாவது தடவை நல்ல வெயில், ஜாக்கெட்டைக் கழட்டி இடுப்புல கட்டிக்கிட்டேன். பன்னிரண்டு மணி வாக்குல ஒரு மடுவுல ஒரு மீன் என் நிம்ஃபை, அதான் தண்ணிக்கடியில வாழுற இளம்பூச்சி மாதிரி முங்குற ஃபிளையை, பார்த்துத் திரும்பினது தெரிஞ்சுது. இன்னும் சூடு ஏறட்டும்னு காத்திருந்தா, ரெண்டு மணிக்கு மேல ஓடையே செத்துப்போன மாதிரி ஆயிடுச்சு. தண்ணியும் லேசா கலங்கினாப்ல இருந்துச்சு. வெயில் ஏற ஏற மீன் சுறுசுறுப்பாகணும்தானே? இது மட்டும் எனக்குப் பிடிபடவே இல்லை.

கையில இருக்கிறது ஒன்பது அடி, அஞ்சாம் வெயிட் ராடு (வெயிட்டுங்கறது அது வீசுற லைனோட கன நம்பர்). போட்டது பதினாலாம் நம்பர் ஃபெசன்ட் டெயில் நிம்ஃப், கனத்துக்குக் குண்டு எதுவும் வைக்கலை. எந்த ஃபிளை போடணும்? இல்லை, மீனெல்லாம் கீழ பெரிய ஆத்துக்கு இறங்கிப் போயிடுச்சா?

கருந்தூவல்:

பத்தாம் நம்பர் கருப்பு ஊலி பக்கர், வால் வெச்ச பெரிய முங்குற ஃபிளை. மடுவுல முங்க விட்டு மெதுவா இழு. முடிஞ்சுது.

புதுத்தூண்டில்:

அண்ணே, அதையும் மூணாவது தடவை கடைசி அரை மணி நேரம் இழுத்துப் பார்த்தேன். ரெண்டு இலை மாட்டுச்சு.

குளிர்நீர்:

தம்பி, ஃபிளையைப் பத்தி அப்புறம் பேசலாம். மூணு தடவையில ஒரு தடவையாவது தண்ணியோட சூட்டை அளந்தியா? எழுதலையே, அப்போ அளக்கலைன்னுதான் எடுத்துக்கறேன்.

இருபத்திரண்டு வருஷமா இந்தப் பருவத்துல நான் சின்ன ஓடைக்கு மட்டும்தான் போறேன். முதல் ஆறு வருஷம் ஃபிளை பெட்டியை நிரப்பினேன். வெறுங்கையோட திரும்பற ஒவ்வொரு நாளும் ராத்திரி உக்காந்து புதுசா ஒரு ஃபிளை கட்டுவேன். ஏழாவது வருஷம் ஒரு தெர்மாமீட்டரை நூல்ல கட்டி எடுத்துட்டுப் போக ஆரம்பிச்சேன். நிழல்ல, ஓடுற தண்ணியில, ஒரு நிமிஷம் முக்கி வெச்சுப் பார்த்து நோட்டுல நேரத்தோட எழுதறது. ஒரே பருவத்துல பித்தம் தெளிஞ்சுடுச்சு. என் நோட்டு சொல்றது இதுதான். 4 டிகிரிக்குக் கீழ இருந்தா உக்காந்து வேடிக்கை பாரு. 5 டிகிரியில மூக்குக்கு நேரா கொண்டுபோய்க் கொடுத்தா ஒண்ணு ரெண்டு வாய் திறக்கும். 6-லிருந்து 8 டிகிரிக்குள்ளதான் நம்ம நேரம். 10 டிகிரி தாண்டினா நீ கோடையில பார்த்த ஆட்டம் மெதுவா ஆரம்பிக்கும். இதுலயும் அளவை விட ஏற்றம் முக்கியம். காலையிலிருந்து 7-லேயே நிக்கிற தண்ணியை விட, ரெண்டு மணி நேரத்துல 5-லிருந்து 6.5-க்கு ஏறின தண்ணி எனக்கு அதிக மீன் கொடுத்திருக்கு.

காரணம் சுலபம். டிரவுட் குளிர் ரத்தப் பிராணி, தண்ணி எவ்வளவு குளிரோ அதோட உடம்பும் அவ்வளவு குளிர். சாப்பிட்டது செரிக்கவே நாளாகும். பசி குறைவு, ஓடியாடத் தெம்பும் குறைவு. கோடையில ஒரு மீட்டர் தாவி வந்து பிடிச்ச அதே மீன் இப்போ ஒரு சாண் நகராது. ஆத்துக்கு எல்லாம் இறங்கிப் போகலை தம்பி, உன் காலடியிலதான் இருந்திருக்கும்.

இப்போ உன் மூணாவது நாளுக்கு வரேன், அதுதான் சுவாரசியமான நாள். கரையில பனி இருக்கு, நல்ல வெயில், ரெண்டு மணிக்கு மேல தண்ணி லேசா கலங்குது. என்ன நடந்திருக்கும்? மேல சரிவுல கிடந்த பனி உருகி ஓடைக்குள்ள இறங்கியிருக்கு! காத்து சூடாகுது, ஓடை குளிருது. ராத்திரி உறைஞ்சு நின்ன பனி காலையில உருகாது, அதனால மதியம் வரை தண்ணி தெளிவா, கொஞ்சம் கொஞ்சமா சூடேறிக்கிட்டே வரும். அப்புறம் உருகின தண்ணி வந்து சேர்ந்ததும் ரெண்டு மூணு டிகிரி சட்டுனு விழுந்துடும். அந்த மாதிரி ஓடையில வெயில் நாளைக்கு உனக்குக் கிடைக்கிற ஜன்னல் பதினொண்ணரையிலிருந்து ஒண்ணரை வரைக்கும்தான். பன்னிரண்டு மணிக்கு ஒரு மீன் திரும்பிப் பார்த்துச்சுன்னு சொன்னியே, சரியான நேரத்துலதான் பார்த்திருக்கு. நீதான் இன்னும் சூடு ஏறட்டும்னு காத்திருந்து கோட்டை விட்டுட்டே. மேல பனியே இல்லாத தாழ்வான ஓடைன்னா கணக்கு வேற, அங்க ஒரு மணியிலிருந்து நாலு மணி வரை. எப்படியும் காலை ஏழு மணிக்கு எந்த ஓடையிலயும் வேலை இல்லை. தூங்கு.

இன்னொண்ணு, ஊற்றைத் தேடு. நிலத்தடி நீர் வருஷம் பூரா கிட்டத்தட்ட ஒரே சூட்டுல வரும். கோடையில அது ஓடையை விடக் குளிர்ச்சி, இப்போ ஓடையை விட இளஞ்சூடு. கரையில பனி முதல்ல கரைஞ்சு பச்சைப்பாசி தெரியுற இடம், ஓரத்துல ஐஸ் பிடிக்காத இடம், இதெல்லாம் அடையாளம். அங்க தெர்மாமீட்டரை முக்கிப் பாரு. ஒரு டிகிரி அதிகம் காட்டினா அதுக்குக் கீழ இருக்கிற முதல் மடுவை விட்டுடாதே.

மீன் எங்க இருக்கும்னா, கோடையில நீ பிடிச்ச சலசலப்பான மேட்டு ஓட்டத்துல இப்போ இருக்காது. வேகத்தை எதிர்த்து நிக்கிற செலவு அதுக்குக் கட்டுப்படியாகாது. மடுவோட ஆழமான வயிறு, வளைவுல உள்பக்கம், கரை குடைஞ்சு வேர் தொங்குற இடம், பெரிய பாறைக்குப் பின்னால அடங்கின தண்ணி. நடந்து போற ஆளை விட மெதுவா ஓடுற தண்ணியாப் பாரு.

பனி மேல நடந்த கருப்புப் பூச்சி குளிர்கால ஸ்டோன்ஃபிளை. அதைப் பார்த்ததுக்கு நீ சந்தோஷப்படணும், அழுக்குத் தண்ணியில அது வாழாது. ஆனா மேஃபிளைங்கிற பூச்சி மாதிரி அது நடு ஓடையில தண்ணி மேல பொரிஞ்சு மிதக்காது. இளம்பூச்சியா (அதுதான் நிஜ நிம்ஃப்) அடியில ஊர்ந்து கரைக்கு வந்து, கல்லு மேல ஏறித்தான் சட்டையை உரிக்கும். அதனாலதான் அத்தனை பூச்சி இருந்தும் ஒரு மீன் கூட மேல வரலை. நிம்ஃபைக் கரையோரமா அடியில உருட்டியிருந்தா கதை வேற. பதினாறாம் நம்பர், கருப்பு, ஒல்லியா இருந்தா போதும். மேகமூட்டமான தூறல் நாள்ல குட்டிக் குட்டிப் பாய்மரம் மாதிரி சாம்பல் இறக்கை மிதந்து வந்தா அது பேட்டிஸ், மேஃபிளையில ஒரு சின்ன வகை. ஈரத்துல இறக்கை சீக்கிரம் காயாது, பறக்க நேரமாகும், மீனுக்குக் கொண்டாட்டம். அதுக்குப் பதினெட்டு, இருபது நம்பர். இன்னும் பொடியா கொசு மாதிரி பறந்தா மிட்ஜ்.

உன் ஃபெசன்ட் டெயில் நல்ல ஃபிளைதான். இங்கிலாந்துல ஏவான் ஆத்தைக் காவல் காத்த ஃபிராங்க் சாயர் கட்டினது. அவர் அதைக் கட்ட நூலே சேர்க்கலை, செப்புக்கம்பியையே நூலா சுத்தினார். ஏன்? கனத்துக்குத்தான். மீன் இருக்கிற ஆழத்துக்கு நிம்ஃப் போய்ச் சேரணும்னு அந்த மனுஷனுக்குத் தெரிஞ்சிருக்கு. நீ குண்டு இல்லாம பதினாலாம் நம்பரை விட்டா அது மீனோட தலைக்கு மேலயே போயிருக்கும். டங்ஸ்டன் மணி வெச்சுக் கட்டினதா பதினாறாம் நம்பர் வாங்கிக்கோ. டங்ஸ்டன் ஈயத்தை விட ஒன்றரை மடங்குக்கு மேல அடர்த்தி, குட்டி மணியே சட்டுனு இறக்கிடும்.

நான் கட்டுறது எப்பவும் ஒரே மாதிரிதான். மேல பன்னிரண்டாம் நம்பர்ல நல்லா மிதக்கிற டிரை ஃபிளை ஒண்ணு, அதோட கொக்கி வளைவுல 5எக்ஸ் டிப்பெட் (மெல்லிய நுனி நரம்பு) முடிச்சு, ஐம்பது அறுபது சென்டிமீட்டர் கீழ நிம்ஃப். கோடையில முப்பது போதும், இப்போ ஆழம் வேணும். அடியில அப்பப்போ உரசலைன்னா இன்னும் கொஞ்சம் நீட்டு. டிரை ஃபிளை முங்கும்னு காத்திருக்காதே. குளிர்ல மீன் கவ்வி இழுக்காது, வாயைத் திறந்து மூடும், அவ்வளவுதான். மேல இருக்கிறது ஒரு கணம் தயங்கினா, பக்கத்துல மிதக்கிற நுரையை விட மெதுவாப் போனா, ராடைத் தூக்கு. பத்துல எட்டு தடவை கல்லாத்தான் இருக்கும். இருக்கட்டும்.

ஒரே இடத்துல பத்துப் பதினைஞ்சு தடவை ஓட விடு, ஒவ்வொரு தடவையும் ஒரு சாண் தள்ளி. கோடைப் பழக்கத்துல ரெண்டு வீச்சு வீசிட்டு அடுத்த மடுவுக்கு ஓடினா வேலைக்காகாது.

நீளராடு:

அக்கா சொன்னதுல ஒண்ணை மட்டும் மறுக்கறேன். இந்தக் குளிர்ல டிரை ஃபிளையை மேல தொங்க விடறதே வீண். மேல்தண்ணி வேகமா ஓடும், அடித்தண்ணி மெதுவா ஓடும். மேல மிதக்கிறது அடியில இருக்கிற நிம்ஃபை இழுத்துட்டுப் போகும், நிம்ஃப் இயல்பா ஓடவே ஓடாது. பத்து அடி மெல்லிய ராடு, மிதவையே இல்லாம லீடரை (லைன் நுனியில கட்டுற மெல்லிய நரம்பு) மட்டும் தண்ணிக்கு மேல நிறுத்திப் பிடிச்சு நேரடித் தொடுதல்ல ஓட்டணும். கடியை விரல்ல உணரலாம், கண்ணால தேட வேண்டியதில்லை.

குளிர்நீர்:

மேல்தண்ணி அடித்தண்ணி வேக வித்தியாசம் உண்மைதான், மறுக்கலை. அகலமான, தலைக்கு மேல வெட்டவெளியான ஓடையில நீங்க சொல்றதுதான் சரி. ஆனா நேரடித் தொடுதலுக்கு ராட்டு முனைக்குக் கீழயே மீன் இருக்கணும். இந்தத் தம்பியோட ஓடையில அவ்வளவு கிட்டப் போனா மீன் இருக்காது. நான் நாலஞ்சு மீட்டர் தள்ளி மண்டிபோட்டு வீசணும், அதுக்கு எனக்கு மிதக்கிற ஒண்ணு வேணும். தவிர, மேல கிளை. ஒரு வருஷம் பத்து அடி ராடு வெச்சுக்கிட்டு ஒரு நாள் பூரா மரம்தான் பிடிச்சேன்.

அதுக்கு முன்னாடி தம்பிக்கு ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். மடு கிட்ட எப்படிப் போனே? நிமிர்ந்து நடந்து போனியா?

மீன் தண்ணிக்கு அடியிலிருந்து மேல பார்க்கும்போது வெளி உலகம் பூரா ஒரு வட்டத்துக்குள்ள சுருங்கித் தெரியும். ஒளி வளையறதால வர்ற வித்தை. வட்டத்துக்கு வெளிய அதுக்கு வெறும் கண்ணாடி, அடித்தரையோட பிம்பம்தான். வட்டத்தோட விட்டம் ஆழத்துல ரெண்டேகால் மடங்கு. 30 சென்டிமீட்டர் ஆழத்துல நிக்கிற மீனுக்கு 68 சென்டிமீட்டர் ஜன்னல். ஜன்னல் சின்னதாச்சேன்னு அலட்சியம் வேண்டாம், அதுக்குள்ள வானத்துலேர்ந்து கரை வரை எல்லாம் அடங்கியிருக்கு. ஆனா தண்ணி மட்டத்துலேர்ந்து பத்து டிகிரிக்குக் கீழ இருக்கிறதெல்லாம் வட்டத்தோட விளிம்புல நசுங்கிப் போயிடும், சரியாத் தெரியாது. நமக்கு வேண்டியது அந்த விளிம்பு. கணக்குப் போட்டா, ஒன்பது மீட்டர் தள்ளி 1.6 மீட்டர் உயரம் வரை ஒளிஞ்சுக்கலாம், அஞ்சு மீட்டர்ல 90 சென்டிமீட்டர்தான். அதாவது அஞ்சு மீட்டர் கிட்டப் போனா முழங்கால் தரையில இருக்கணும், தலையும் குனியணும். அதுவும் தண்ணி மட்டத்துலேர்ந்து அளந்த உயரம், கரை மேடா இருந்தா அதையும் சேர்த்துக்கோ. கோடையில செடி கொடி மறைக்கும், தண்ணி சலசலக்கும், தப்பிச்சுக்கலாம். இப்போ இலையில்லாத மொட்டை மரம், தெளிஞ்ச தண்ணி, அடங்கின மடு. கொக்கு எப்படி நடக்குதுன்னு பாரு, அதுல பாதி பொறுமை இருந்தா போதும்.

மீன் ஓட்டத்தைப் பார்த்துத்தான் நிக்கும், அதனால கீழேர்ந்து மேல போ. மடுவோட வாலுல, அதாவது தண்ணி வெளியேறுற கீழ்முனையில, நிக்கிற குட்டி மீனைக் கலைச்சா அது மேல ஓடி எல்லாருக்கும் சொல்லிடும்.

புதுத்தூண்டில்:

நிமிர்ந்துதான் போனேன் அக்கா. கரை மேட்டுல நின்னு எட்டி வேற பார்த்தேன். சரி, புது ராடு வாங்கணுமா? அஞ்சாம் வெயிட் ரொம்பக் கனமா?

கருந்தூவல்:

வேண்டாம். வீசவே இடமில்லாத இடத்துல வில் மாதிரி வளைச்சு விடு. கொக்கி வளைவை விரல்ல பிடி, முனை வெளிய இருக்கணும், லைனை இறுக்கி ராட்டு முனையைப் பின்னால வளை, குறி பார்த்து விடு. ரெண்டு ராடு நீளம் போகும். முனையை உள்பக்கம் வெச்சுப் பிடிச்சா விரல்தான் முதல் மீன். அனுபவம்.

புதுத்தூண்டில்:

போயிட்டு வந்துட்டேன்! ஒண்ணு விடாம எழுதறேன், அக்கா நோட்டு மாதிரி.

பதினொரு மணிக்கு 4.5 டிகிரி. தொடவே இல்லை, பாறையில உக்காந்து முடிச்சுப் போட்டேன். பன்னிரண்டு பத்துக்கு 5.5. முதல் மடுவுல மண்டி போட்டுத்தான் போனேன், ஆனா என் நிழல் எனக்கு முன்னாடி போயிடுச்சு. சூரியனை மறந்துட்டேன். கருப்பா ஒண்ணு வேருக்கு அடியில பாஞ்சு போச்சு, அந்த மடு அதோட சரி. ரெண்டாவது மூணாவது மடு ஒண்ணுமில்லை. பன்னிரண்டு ஐம்பதுக்கு 6.5.

நாலாவது மடுவுக்குக் கொஞ்சம் மேல, அக்கா சொன்ன மாதிரியே, கரையில பாசி பச்சையா ஒரு கீத்து, சுத்தியும் பனி. அங்க முக்கினா 7.5! கை நடுங்கிச்சு, குளிரா என்னன்னு தெரியலை. பாறைக்குப் பின்னால ஓட விட்டேன். ஏழோ எட்டோ தடவைக்கு அப்புறம் டிரை ஃபிளை அப்படியே நின்னுச்சு. கல்லுன்னு நினைச்சேன். கல்லு தலையை ஆட்டுச்சு. 23 சென்டிமீட்டர், வயிறு மஞ்சள், பக்கவாட்டுல சிவப்புப் பொட்டு. தண்ணிக்குள்ளேயே வெச்சுக் கழட்டி விட்டுட்டேன், முள் இல்லாத கொக்கி, சுலபமா வந்துச்சு. அதே மடுவுல இன்னும் ரெண்டு தடவை நின்னுச்சு, ரெண்டையும் தாமதமாத் தூக்கிக் கோட்டை விட்டேன்.

ரெண்டு இருபதுக்குத் தண்ணி நிறம் மாறுச்சு. முக்கிப் பார்த்தா 5.5. சுருட்டிட்டு வந்துட்டேன். போன தடவை இந்த நேரத்துலதான் நான் ஆர்வமா ஆரம்பிச்சேன்னு நினைச்சா சிரிப்பு வருது.

ஒரு சந்தேகம். அந்த நாலாவது மடுவோட வாலுல, கூழாங்கல்லு எல்லாம் பாசி பிடிச்சுக் கருப்பா இருக்க, ஒரு இடம் மட்டும் தட்டு மாதிரிக் குழிஞ்சு வெளுப்பா இருந்துச்சு. கால் வைக்க வசதியா இருந்துச்சுன்னு அது மேல நின்னுதான் வீசினேன். அது என்ன?

நீளராடு:

ஐயையோ.

குளிர்நீர்:

அது முட்டையிட்ட குழி தம்பி. பெண் மீன் வாலால அடிச்சுச் சரளையைக் கழுவி, முட்டையிட்டு, மேல சரளையைத் தள்ளி மூடியிருக்கும். குழிக்குக் கீழ்ப்பக்கம் சின்ன மேடு ஒண்ணு இருந்திருக்குமே, முட்டை இருக்கிறது அந்த மேட்டுக்குள்ள. மஞ்சள் வயிறு, சிவப்புப் பொட்டுன்னு நீ எழுதினதைப் பார்த்தா பிரௌன் டிரவுட் மாதிரி இருக்கு. அது இலையுதிர் காலத்துல இடும், குளிர் பூரா முட்டை சரளைக்குள்ள கிடக்கும், இந்தப் பருவத்துலதான் குஞ்சு பொரிஞ்சு, வயித்துல மஞ்சள் கருவோட சரளை இடுக்குலயே ஒளிஞ்சிருக்கும். ஒரு கால் அழுத்தினாலே நிறைய செத்துப்போகும். ரெயின்போ இருக்கிற ஓடைன்னா அது இப்போதான் இட ஆரம்பிக்கும், அப்போ குழி மேலயே ஜோடியா மீன் நிக்கும். அதுக்கு ஃபிளை போடறது அசிங்கம்.

தெரியாமச் செஞ்சதுக்கு உன்னைத் திட்டலை. நானும் அந்த ஆறு வருஷத்துல எத்தனை மிதிச்சேனோ. இந்தக் காரணத்துக்காகத்தான் பல இடத்துல இந்தப் பருவத்துல சின்ன ஓடையை மூடியே வெச்சிருக்காங்க. போறதுக்கு முன்னாடி உன் ஓடைக்கு என்ன விதின்னு ஒரு தடவை பார்த்துக்கோ.

இனிமே மடுவோட வாலுல இறங்காதே, கரையிலேயே நட. தாண்டியே ஆகணும்னா பெரிய கல்லு மேல கால் வெச்சுத் தாண்டு. காத்து உறைநிலைக்குக் கீழ இருக்கிற நாள்ல மீனைத் தண்ணிக்கு வெளிய தூக்கவும் கூடாது, செவுள் உறைஞ்சுடும். நீ தூக்கலை, அது நல்லது.

அப்புறம், ஊத்துக்கு மேல இருக்கிற அஞ்சாவது மடுவோட சூட்டை எழுதவே இல்லையே? அடுத்த தடவை அதையும் அளந்து எழுது. ஊத்து ஒண்ணுதானா, இல்லை மேலயும் இருக்கான்னு அதை வெச்சுத்தான் சொல்ல முடியும்.